“படத்தில் ஒன்றுமில்லை” என்று சொல்லி எங்களை வேலைக்கு அனுப்பாதீர்கள்



மரத்தால் விழுந்தவனை மாடு ஏறி மிதித்த கதை என்று நமது ஊர்களில் சொல்வார்கள். தென்னை ஏறிப் பிழைப்பவனுக்கு அது அப்படியே நடக்கிறது. மரம் அவனை ஒருமுறைதான் தள்ளுகிறது. அதற்குப் பிறகு மிதிக்கிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் மூட்டை மாதிரி ஏற்றி அனுப்புகிற கங்காணி ஒருவர். ஒரே ஒரு எக்ஸ்றே படத்தைப் பார்த்துவிட்டு “பெரிதாக ஒன்றுமில்லை” என்று துண்டு எழுதிக் கொடுப்பவர் இன்னொருவர். அந்தத் துண்டைக் காட்டி “லேசான வேலைக்கு வரலாம்தானே” என்று கேட்பது தோட்ட அலுவலகம். கடைசியில் வருகிறவர், “சுகமாகித்தானே வேலைக்கு வந்தார், பிறகு எதற்கு நட்டஈடு?” என்று வாதிடும் சட்டத்தரணி.

சம்பளத்தைப் பற்றி இந்த மடலில் எத்தனையோ முறை எழுதிவிட்டோம். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் கத்தினோம். 2021இல் அது வர்த்தமானியில் வந்தது. ஆனால் விழுந்து இடுப்பு உடைந்த தொழிலாளியின் படத்தை யார் பார்த்தார்கள், எத்தனை படம் எடுத்தார்கள், எதை வைத்து “வேலைக்குப் போகலாம்” என்றார்கள் என்று நமது சங்கம் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைக் கேட்கிறது.

நான் கண்ணால் பார்த்தது

கல்முனைக் கரையோரத்தில் தோட்டம் என்றால் தேயிலை இல்லை. கடலோரம் தென்னை, மேற்கே போனால் ஹிங்குராணைக் கரும்பு. தென்னையில் விழுவதும், கரும்பு ஏற்றிய பெட்டி புரள்வதும், உழவு இயந்திரத்துக்கும் மதிலுக்கும் இடையில் நசிவதும் இங்கே புதினம் இல்லை. மலையகத்தில் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளுக்குக் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுவது எப்படிப் பழக்கமோ, அப்படித்தான் நமக்கும் இது.

நான்கைந்து வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் தேங்காய் பறிக்கும் காக்கா ஒருவர் மரத்தால் விழுந்தார். நல்ல உயரம். இடது பக்கம் அடிபட விழுந்தார். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தினார்கள். தோட்டப் பாதையின் குழிகள் அத்தனையும் அவருடைய இடுப்பில் இறங்கின.

கொண்டுபோன வைத்தியசாலையில் முன்பக்கமாக ஒரு எக்ஸ்றே எடுத்தார்கள். “முன்னால் சின்ன வெடிப்பு ஒன்று. உறுதியாகத்தான் இருக்கிறது. படுத்திருந்தால் ஒட்டிவிடும்” என்றார்கள். படத்தாள் தட்டுப்பாடாம், அதனால் கணினித் திரையில் தெரிந்ததை மகன் கைபேசியில் பிடித்துக்கொண்டான். மூன்று கிழமை கழித்துத் தோட்டத்தில் இருந்து ஆள் வந்தது. லேசான வேலை என்று சொல்லித் தேங்காய் உரிக்க விட்டார்கள். உரிக்கும்போது உடம்பின் பாரம் முழுக்க எதில் இறங்குகிறது என்று அலவாங்கில் தேங்காய் குத்திய எவருக்கும் தெரியும்.

நான் பார்க்கப் போனபோது அந்தக் காக்கா சொன்னது இன்றைக்கும் என் காதில் நிற்கிறது: “கால ஊண்டினா உள்ளுக்க என்னமோ அரக்குற மாதிரி இரிக்கி தம்பி.”

அந்த ஒரு வசனத்தில் முழு நோயும் இருந்தது. உள்ளே எலும்பு அரக்குகிறது என்று மனிதன் சொல்கிறான். அரக்கவில்லை என்று படம் சொல்கிறது. எல்லோரும் படத்தை நம்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு வைத்தியசாலையில் சி.ரி. ஸ்கான் எடுத்தபோதுதான் விசயம் வெளியே வந்தது. முன்னால் இருந்த வெடிப்பு சின்னதுதான். ஆனால் பின்னால், முதுகுத்தண்டு வந்து இடுப்பில் உட்காரும் திருவென்பு, மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது. இடது பாதி இடுப்பு மேலே ஏறிப்போயிருந்தது. ஏறிய இடத்திலேயே எலும்பு ஒட்டத் தொடங்கியும் விட்டது. இன்றைக்கு அவருக்கு ஒரு கால் குட்டை. மரம் ஏறுவது போகட்டும், பள்ளிவாசலில் கதிரை இல்லாமல் தொழ முடியாது.

நட்டஈடு கேட்டபோது தோட்டம் அந்த முதல் துண்டைத்தான் நீட்டியது. “உறுதியான முறிவு என்று எழுதியிருக்கிறது பாருங்கள்.”

இடுப்பு ஒரு வளையம்

இடுப்பு ஒற்றை எலும்பு இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு பெரிய எலும்புகள், பின்னால் நடுவில் திருவென்பு. மூன்றும் முன்னால் ஒரு மூட்டிலும் பின்னால் இரண்டு மூட்டுகளிலும் பொருந்தி ஒரு வளையமாக நிற்கின்றன. எலும்பை எலும்போடு கட்டி வைத்திருப்பவை கயிறு போன்ற தடித்த இணையங்கள். உடம்பில் உள்ள இணையங்களில் மிகவும் பலமானவை இந்த இடுப்பின் பின்புறத்தில்தான் இருக்கின்றன. முதுகின் பாரம் முழுவதும் அந்தப் பின்புறம் வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது.

கண்ணாடி வளையலை ஓரிடத்தில் மட்டும் உடைக்கப் பாருங்கள். உடையாது. ஓரிடத்தில் உடைந்தால் இன்னோரிடத்திலும் உடையும். இடுப்பு வளையமும் பெரும்பாலும் அப்படித்தான். முன்னால் ஒரு வெடிப்பைக் கண்டால் “பின்னால் எங்கே?” என்று தேட வேண்டும். அந்தத் தேடலை நிறுத்துகிற இடத்தில்தான் நமது ஆட்கள் முடமாகிறார்கள்.

உறுதி என்றால் என்ன? நிற்கும்போதும் நடக்கும்போதும் பாரம் தூக்கும்போதும் வளையம் விலகாமல் தாங்குமா என்பதுதான் உறுதி. 1980களில் கனடாவின் டொரொன்டோவில் மாவின் டைல் என்ற என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் இந்த முறிவுகளை மூன்றாகப் பிரித்தார். முதலாவது, வளையம் உறுதியாக இருப்பது. இரண்டாவது, வளையம் புத்தகம் விரிவது போல வெளியே திறக்கும் அல்லது உள்ளே மடியும், ஆனால் மேலே கீழே நகராது. மூன்றாவது, எல்லாப் பக்கமும் நகரும். 1986இல் அமெரிக்காவின் பால்டிமோரில் யங், பேர்ஜஸ் என்ற இருவர் அடி எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்பதை வைத்து இன்னொரு வகைப்பாட்டைத் தந்தார்கள்: முன்னால் இருந்து, பக்கத்தால், மேலிருந்து கீழாக. உலகம் முழுவதும் இன்றைக்கும் இந்த இரண்டையும் வைத்துத்தான் பேசுகிறார்கள்.

இதை நான் எழுதுவது உங்களை வைத்தியர் ஆக்குவதற்கு இல்லை. முதலாவது வகைக்காரன் சில நாட்களில் ஊன்றுகோலோடு நடக்கலாம். நடப்பதே அவனுக்கு நல்லது. மூன்றாவது வகைக்காரன் நடந்தால் வாழ்நாள் முழுக்க நொண்ட வேண்டும். அவனுக்குச் சத்திரசிகிச்சை தேவை. இரண்டு பேருக்கும் முன்பக்கப் படம் ஏறத்தாழ ஒரே மாதிரித் தெரியக் கூடும். இரண்டு பேரையும் பிரித்தறியாமல் துண்டு எழுதுகிறவர், நமது பிள்ளைகளின் சோற்றை வைத்துச் சூதாடுகிறார்.

ஒரு படம் ஏன் போதாது

எக்ஸ்றே என்பது நிழல். பின்னால் உள்ளதும் முன்னால் உள்ளதும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். திருவென்பு குடலுக்கும் காற்றுக்கும் பின்னால் மறைந்து கிடக்கிறது. முன்பக்கப் படத்தில் அதன் வெடிப்புத் தவறிப்போவது எந்த நாட்டிலும் நடக்கிற விசயம். அதற்காகத்தான் இன்னும் இரண்டு படங்கள் இருக்கின்றன. கதிரைத் தலைப் பக்கமிருந்து சாய்த்து எடுப்பது ஒன்று. இடுப்பு முன்னுக்கும் பின்னுக்கும் விலகியிருந்தால் அது காட்டும். கால் பக்கமிருந்து சாய்த்து எடுப்பது மற்றது. இடுப்பின் ஒரு பாதி மேலே ஏறியிருந்தால் அது காட்டும். இதற்குப் புது இயந்திரம் வேண்டாம். அதே இயந்திரம், அதே மேசை. குழாயைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு மேலே சி.ரி. ஸ்கான். 1971இல் இங்கிலாந்தில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது. அதைச் செய்த ஹவுன்ஸ்பீல்டுக்கு, கோர்மக் என்பவரோடு சேர்த்து, 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இது புதுமை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். திருவென்பின் வெடிப்பையும், பின்மூட்டு விலகலையும், இடுப்புக் குழிக்குள் சிதறிய துண்டையும் ஸ்கான் வெட்டு வெட்டாகக் காட்டும்.

படம் பார்க்கிறவர்கள் தேடும் அடையாளங்கள் சிலவற்றை நீங்களும் தெரிந்து வைத்திருங்கள். முன்மூட்டு இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேல் விலகியிருந்தால் பின்னால் இருக்கும் இணையங்களும் அறுந்திருக்கலாம். இடுப்பின் ஒரு பாதி ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஏறியிருந்தால் அது பாரதூரமானது. முதுகுத்தண்டின் கீழ்முள்ளெலும்பின் பக்கச் சிறகு ஒடிந்திருந்தால், இடுப்பைப் பிடித்திருந்த கயிறு அதை இழுத்து ஒடித்திருக்கலாம். முன்பக்கப் படத்திலேயே தெரியக்கூடிய அடையாளம் அது. தேடினால்தான் கண்ணில் படும்.

எல்லாவற்றிலும் முக்கியமான விசயம் இதுதான். படம் எடுக்கும்போது மனிதன் படுத்திருக்கிறான். அசையாமல் படுத்திருக்கிறவனின் அசையாத படம் அது. கதவைச் சாத்திவைத்துப் படம் எடுத்தால் பிணைச்சல் உடைந்திருப்பது தெரியுமா? தள்ளிப் பார்த்தால்தானே தெரியும். ஸ்கானிலும் இதே குறை உண்டு. அதனால்தான் சந்தேகமான முறிவுகளில், மயக்க மருந்து கொடுத்துவிட்டு, கதிர்த்திரையில் பார்த்தபடி, நிபுணர் இடுப்பை மெதுவாகத் தள்ளி விலகுகிறதா என்று சோதிக்கிறார். நடக்கத் தொடங்கிய பிறகு நிற்க வைத்து மறுபடி எக்ஸ்றே எடுப்பதும் இதற்குத்தான். முதல் நாள் படமும் நின்று எடுத்த படமும் ஒரே மாதிரி இருந்தால் மனம் ஆறலாம். விலகியிருந்தால் அன்றைக்கே தீர்மானத்தை மாற்றலாம்.

அந்தக் காக்காவுக்கு நிற்க வைத்து ஒரு படம் எடுத்திருந்தால் போதும். “உள்ளுக்க அரக்குது” என்று அவர் வாயால் சொன்னதைப் படமும் சொல்லியிருக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. விழுந்தவரின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது சரியான முதலுதவி, இரத்தப்போக்கைக் குறைக்கும். ஆனால் கட்டு திறந்த வளையத்தை மூடிவிடும். கட்டோடு எடுத்த படத்தில் இடுப்பு ஒழுங்காகத் தெரியலாம். “கட்டோடு எடுத்ததா, கட்டைத் தளர்த்தி எடுத்ததா?” என்று கேளுங்கள். எப்போது தளர்த்தலாம் என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். இரத்தப்போக்கு உள்ளவருக்குச் சும்மா தளர்த்தக் கூடாது. ஆனால் அந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்டேயாக வேண்டும்.

பெண்களின் இடுப்பு

இதுவரைக்கும் உயரத்தால் விழுந்தவர்களைப் பற்றிப் பேசினேன். விழுகிற உயரம் பெரிதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கொழுந்து பறித்து, கரும்புக்குக் களை பிடுங்கி, தும்பு அடித்து, பிள்ளை பெற்று, அரைவயிறு சாப்பிட்டு வாழ்ந்த ஒரு பெண்ணின் எலும்பு வயது போகப் போகப் பொள்ளலாகிறது. அறுபது வயது மூத்தம்மா முற்றத்தில் சறுக்கி இருந்தபடி விழுந்தாலே இடுப்பு வளையம் வெடிக்கும். முன்பக்கப் படத்தில் முன்னெலும்பின் சின்ன வெடிப்பு மட்டும் தெரியும். “வயசான ஆள், வீட்டில் படுக்க வையுங்கள்” என்று அனுப்பிவிடுவார்கள்.

இப்படியானவர்களைச் சி.ரி. ஸ்கானில் அல்லது எம்.ஆர்.ஐ.யில் பார்த்த ஆய்வுகள், அவர்களில் பெரும்பாலானோருக்குப் பின்னால் திருவென்பிலும் வெடிப்பு இருப்பதைக் காட்டியிருக்கின்றன. 2013இல் ஜேர்மனியில் றொமன்ஸ், ஹொப்மன் என்ற இரண்டு வைத்தியர்கள் வயோதிபரின் இந்த முறிவுகளுக்கென்றே தனி வகைப்பாட்டை எழுதினார்கள். அதன் அடிப்படையே பின்புறத்தை ஸ்கானில் பார்ப்பதுதான். கிழமைகள் போயும் நாரி வலி குறையாமல், எழும்பி நடக்க முடியாமல் கிடக்கும் உம்மாவை “பிடிவாதம்” என்று சொல்லாதீர்கள். பின்னால் உடைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படுக்கையில் கிடத்தியே வைத்தால் புண்ணும், சளியும், காலில் இரத்தக்கட்டியும்தான் மிச்சம்.

அவர்கள் சொல்லும் பதில்கள்

“எல்லோருக்கும் ஸ்கான் எடுக்க முடியுமா?” என்று கேட்பார்கள். எல்லோருக்கும் எடுக்கச் சொல்லவில்லை. குறைந்த உயரத்தில் விழுந்த இளம் ஆள், முன்னால் ஒரு வெடிப்பு, பின்னால் அமத்திப் பார்த்தால் நோவில்லை, நடக்க வைத்தால் நடக்கிறார் என்றால், நடக்க விட்டுச் சில நாட்களில் மறுபடி ஒரு எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பது நியாயமானது. மரத்தால் விழுந்தவர், உழவு இயந்திரத்தில் நசிந்தவர், லொறி புரண்டு வந்தவர், பின்னிடுப்பில் நோ உள்ளவர், கால் மரத்தவர் ஆகியோருக்குப் பின்புறத்தைப் பார்க்காமல் “உறுதி” என்ற சொல்லை எழுதாதீர்கள் என்பதுதான் எங்கள் வாதம்.

“கதிர்வீச்சு ஆபத்து” என்பார்கள். இடுப்பை ஒருமுறை ஸ்கான் எடுப்பதில் உடம்பில் படும் கதிர், நாம் இரண்டு மூன்று ஆண்டுகள் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகப் பெறும் அளவை ஒத்தது. சும்மா எடுக்கக் கூடாதுதான். ஆனால் வாழ்நாள் முடத்தோடு ஒப்பிட்டால் எது பெரிய ஆபத்து? கர்ப்பிணிப் பெண்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு எந்தப் படம், எத்தனை படம் என்பதை வைத்தியர் அளந்து தீர்மானிப்பார்.

“இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது படம் எடுத்துக்கொண்டு நிற்பதா?” என்பது நல்ல கேள்வி. இடுப்புக்குள் லீற்றர் கணக்கில் இரத்தம் வெளியே தெரியாமல் தேங்கும். அழுத்தம் விழுந்துகொண்டிருப்பவரை ஸ்கான் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லவில்லை. அவருக்குக் கட்டிலிலேயே ஒரு எக்ஸ்றே, வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட், இறுக்கிய கட்டு, இரத்தம் ஏற்றுதல். உயிர் முதலில், படம் பிறகு. ஆனால் உயிர் தப்பிய பிறகும் அந்த மிச்சப் படத்தை எடுக்காமல் விடுவதைத்தான் நாங்கள் குற்றம் என்கிறோம்.

வைத்தியர்கள் மீதும் தாதியர் மீதும் நமக்குப் பகை இல்லை. ஒரு வைத்தியர் நூறு பேரைப் பார்க்கிற நாட்டில் அவர்களும் தொழிலாளிகள்தான். பகை, அவர்களுடைய அவசரத்தில் வந்த ஒரு சொல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆதாயம் பார்க்கும் முகாமைத்துவத்தோடு.

நம்மீதும் குற்றம் உண்டு

முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மணிக்கட்டு சுளுக்குக்குப் போங்கள், நான் மறிக்கவில்லை. உயரத்தால் விழுந்தவரின் இடுப்பை எண்ணெய் போட்டுத் தடவி, காலை இழுத்துச் “சரி பண்ண” விடாதீர்கள். உறைந்து நிற்கும் இரத்தக்கட்டி விலகினால் உள்ளே மறுபடி பீறிடும். இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் அதே ஆபத்துத்தான்.

தூக்குகிற விதத்திலும் நாம் பிழை விடுகிறோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வரும் வரைக்கும் ஆளை நடக்க வைக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள். சாரன் அல்லது படுக்கைவிரிப்பை மடித்து, களிசான் பக்கப்பை இருக்கிற மட்டத்தில், தொடை எலும்பு புடைத்துத் தெரியும் இடத்தில், சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். பட்டி கட்டும் இடத்தில், வயிற்றுக்கு மேலே கட்டினால் பலன் இல்லை. முழங்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள். பலகையில் நேராக வைத்துத் தூக்குங்கள்.

சங்கத்தின் குற்றம் எல்லாவற்றிலும் பெரிது. விபத்து நடந்தால் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறோம், படம் எடுத்துப் பத்திரிகையில் போடுகிறோம். அந்த எக்ஸ்றே படம் எங்கே என்று கேட்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நமது பாட்டன்மார் காலத்தில் இருந்தே இருக்கிறது. வேலையில் ஏற்படும் காயத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வேலைக்கு வரும் வழியிலும் வேலை முடிந்து போகும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதற்குள் வருகிறது. நட்டஈட்டின் உச்சத் தொகையும் அதே திருத்தத்தில் 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது புரண்டால், “அது வேலை நேரம் இல்லை” என்று இனி யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

நிரந்தர ஊனத்துக்கான தொகை, உழைக்கும் சக்தி எத்தனை வீதம் குறைந்தது என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வெட்டுப்பட்ட விரல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உள்ளே ஏறி ஒட்டிய இடுப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. அதைத் தெரிய வைப்பது படம் ஒன்றுதான். “சின்ன வெடிப்பு, உறுதியானது” என்ற முதல் துண்டு மட்டும் கோப்பில் இருந்தால் வீதம் குறையும். ஸ்கானும், நின்று எடுத்த எக்ஸ்றேயும், கால் நீளக் குறைவும் கோப்பில் இருந்தால் முதலாளியின் சட்டத்தரணிக்குப் பேச இடம் குறையும். கைபேசியில் பிடித்த திரைப்படம் மகன் புதுப் போன் வாங்கிய நாளில் காணாமல் போய்விடும். காக்காவின் கதையில் அதுதான் நடந்தது.

நமது கோரிக்கைகள்

முகாமைத்துவத்திடம்:

1. ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு கரும்புப் பிரிவிலும் தூக்குப் பலகை ஒன்றும் இடுப்புக் கட்டு ஒன்றும் இருக்க வேண்டும். காயப்பட்டவரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவது அன்றோடு நிற்க வேண்டும்.

2. இடுப்பு முறிந்தவரை ஸ்கான் உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று வைத்தியர் எழுதினால், வாகனமும் கூடப் போகிறவரின் நாட்சம்பளமும் தோட்டத்தின் பொறுப்பு.

3. பாரம் வைத்து நின்று எடுத்த படத்தை நிபுணர் பார்த்துக் கையெழுத்து வைக்கும் வரை “லேசான வேலை” என்ற பேச்சே எடுக்கக் கூடாது. இடுப்பு உடைந்தவருக்குத் தேங்காய் உரிப்பதும் கொழுந்துக் கூடை சுமப்பதும் லேசான வேலை அல்ல.

சுகாதார அதிகாரிகளிடம்:

4. கரையோரத்தில் நமக்குக் கிட்ட இருப்பவை கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும், அம்பாறையில் மாவட்டப் பொது வைத்தியசாலை, வடக்கே சுமார் 40 கிலோமீற்றரில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. எங்கே எந்த ஸ்கான் எந்த நேரம் இயங்குகிறது, பழுதானால் அடுத்து எங்கே என்பதை எல்லா ஊர் வைத்தியசாலைச் சுவரிலும் தமிழில் எழுதிப் போடுங்கள்.

5. படத்தின் பிரதியும் எழுத்தில் அறிக்கையும் நோயாளியின் கையில் கிடைக்க வேண்டும். படத்தாள் இல்லையென்றால் இறுவட்டில் தாருங்கள்.

நமது சங்கத்திடம்:

6. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சகோதரரும் ஒரு சகோதரியும் இந்த வேலைக்குப் பொறுப்பாக வேண்டும். விபத்தன்றே தோட்டப் பதிவேட்டில் எழுத வைப்பது, படங்களைச் சேர்ப்பது, திகதி போட்டுச் சங்கக் கோப்பில் வைப்பது, நட்டஈட்டு ஆணையாளருக்குக் காலம் தாழ்த்தாமல் மனு அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

வைத்தியசாலையில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. வெட்டியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்:

பின்பக்கத்தைப் பார்த்தீர்களா, எந்தப் படத்தில்?
கட்டோடு எடுத்ததா, தளர்த்தி எடுத்ததா?
எப்போது கால் ஊன்றலாம், எவ்வளவு பாரம்?
நடக்கத் தொடங்கிய பிறகு மறுபடி படம் எப்போது?

மரியாதையாகக் கேளுங்கள். “டொக்டர்” என்று அழைத்தே கேளுங்கள். ஆனால் கேளாமல் வராதீர்கள். சிறுநீரில் இரத்தம் போனாலும், சிறுநீர் போகாமல் அடைத்தாலும், கால் மரத்தாலும், ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலும் அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் காக்கா இப்போது வீட்டு வாசலில் இருந்து ஓலை பின்னுகிறார். அவர் ஏறிய மரங்களில் இன்றைக்கு அவருடைய மூத்த மகன் ஏறுகிறான். அதே தோட்டம், அதே உழவு இயந்திரம், அதே பெட்டி. நாளைக்கு அவன் விழுந்தாலும் ஒரே படம் எடுத்து, ஒரே சொல் எழுதி, தேங்காய் உரிக்க விடுவார்கள், நாம் பேசாமல் இருந்தால்.

வரும் மாதக் கிளைக் கூட்டத்தில் இந்த ஆறு கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். கை உயர்த்த வாருங்கள். உங்களுடைய, உங்கள் வாப்பாவுடைய, உம்மாவுடைய பழைய எக்ஸ்றே படங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள்.